கொசுவுக்கு எடுத்து வைத்த நான்கு பைகள்

அவன் மனைவிக்கான நினைவுக் கல்லில் வெட்ட வேண்டிய வாசகத்தை ரத்த வங்கி டாக்டர் மூன்று தடவை எழுதினார். முதலில் "வீர மரணம்" என்று எழுதிக் கொண்டுவந்தார். மாமியார் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

"பஸ்ஸுக்கு நின்னதுல என்ன சார் வீரம்? உக்கார இடம் கிடைக்குமான்னு பாத்துட்டு நின்னா. அவ்வளவுதான்."

அடுத்தது "தியாகச் சுடர்". அதற்கு அவனே வேண்டாம் என்று தலையாட்டினான். மனைவி இருந்து அதைப் படித்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பாள். மூன்றாவதில் சுடரும் இல்லை, வீரமும் இல்லை. பணி முடித்து வீடு திரும்பக் காத்திருந்தபோது குண்டுவெடிப்பில் நொடிப்பொழுதில் உயிர் நீத்த எங்கள் சகோதரிக்கு, என்று இருந்தது. "நொடிப்பொழுதில்" மாமியார் கேட்டு வாங்கிப் போட்ட சொல்.

அந்த ஒரு சொல்லின் மேல்தான் ஒரு வருஷமாக வீடு நின்றது. அன்று பகல் பதினொரு மணிக்கு, காது மடலை வைத்து உடலை அடையாளம் சொல்லிவிட்டு அவன் வெளியே வந்தபோது, இதே டாக்டர்தான் தோளில் கை வைத்தார். "அங்கேயே முடிஞ்சிருச்சு. ஒரு வலியும் தெரிஞ்சிருக்காது." அவன் அதை அப்படியே சுமந்து போய் மாமியாரிடம் இறக்கினான். அவள் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். மருந்துக் கடையில் சொன்னாள், கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவரிடம் சொன்னாள். சாப்பிட உட்கார்ந்தால் கேட்பாள்.

"வலிச்சிருக்காதுல்ல மாப்ள?"

"வலிச்சிருக்காது அத்தை."

அதற்கப்புறம்தான் அவளுக்கு அடுத்த வாய் உள்ளே போகும். அவனுக்கும் அப்படித்தான்.

அவன் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவன். இருட்டறையில் உட்கார்ந்து, ஒரு வில்லையைப் போட்டு, எடுத்து, இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னாடி போட்டது தெளிவா இருந்துச்சா?" என்று நாள் முழுக்கக் கேட்பது வேலை. கல்யாணமான புதிதில் மனைவி அவனை அதை வைத்தே ஓட்டினாள். "சொல்லுங்க, நான் தெளிவா இருக்கேனா, எனக்கு முன்னாடி வந்தவ தெளிவா இருந்தாளா?" முன்னாடி யாரும் வரவில்லை. மூன்று வருஷம் கழித்து, பின்னாடியும் யாரும் வரப்போவதில்லை என்று ஆகிவிட்டது.

ரத்த வங்கியில் அவளுக்குப் பெயர் கொசு. ஊசி இறங்குவதே தெரியாது. ரத்தம் கொடுக்க வந்தவர், "எப்பம்மா குத்துவே?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கும்போது பையில் பாதி நிறைந்திருக்கும். "கொசு கடிச்சா கூட இதை விட வலிக்கும்" என்று யாரோ சொல்ல, மூத்த டெக்னீஷியன் அதையே பெயராக்கிவிட்டாள். அந்த மூத்த டெக்னீஷியன் எல்லோருக்கும் பெரியக்கா. டாக்டருக்குக்கூடப் பெரியக்கா. மனைவி போன பிறகு சனிக்கிழமைதோறும் அவனுக்குச் சாப்பாட்டு டப்பா அனுப்புகிறவள் அவள்தான். எதற்கு இவ்வளவு என்று அவன் ஒரு தடவை கேட்டான். "என் கூடப்பிறந்தவ இருந்தா இதைச் செய்ய மாட்டேனா தம்பி?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

முதல் வருஷ நினைவு நாளுக்கு ரத்ததான முகாம் வைத்தார்கள். ரத்த வங்கிக்குப் பின்னால் இருக்கும் கூடத்தில் ஆறு சாய்வுக் கட்டில்கள். கடைசியில் பிஸ்கெட்டும் பழச்சாறும் வைத்த மேஜை. கல்லைச் சுவரில் பதித்தாயிற்று. மூடுவதற்குத் துணி வாங்க மறந்துபோய், ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஓரத்தில் சலவை எண் தெரிந்தது. மாமியார் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்து நாற்காலிக்காரிக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். "நொடிதான். கண்ணை மூடித் திறக்கிற நேரம் கூட இல்ல. அந்த மட்டும் அவளுக்குக் கொடுத்து வெச்சிருந்தது."

பத்து மணிக்கு ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவள் என்று பதிவு மேஜையில் சொன்னாள். இடது காதில் கருவி மாட்டியிருந்தாள். கையில் காகிதப் பை.

டாக்டர் வழக்கமான கேள்விகளைக் கேட்டார். "இதுக்கு முன்னாடி ரத்தம் ஏத்தியிருக்கீங்களா?"

"ஏத்தியிருக்காங்க சார். இங்கதான். போன வருஷம், இதே நாள். வருஷம் ஆகாம நீ யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க. நேத்தோட ஆச்சு. அதான் இன்னைக்கு வந்துட்டேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அந்த பஸ் ஸ்டாப்லயா இருந்தீங்க? பிழைச்சவங்களா நீங்க? அடடா! போட்டோக்காரர் எங்கப்பா? இங்க வா, இங்க வா. இதை விட நல்ல படம் உனக்கு எங்க கிடைக்கப்போகுது!" பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கையை ஆட்டினார். "கண்ணாடிக்காரரே, நீங்களும் வாங்க. பக்கத்துல நில்லுங்க."

அவன் போய் நின்றான். அவள் அவனைப் பார்த்ததும் படத்துக்கு நிற்பதை மறந்துவிட்டாள்.

"நீங்கதான் அவங்க வீட்டுக்காரரா? பேப்பர்ல நினைவுநாள் படம் போட்டிருந்தீங்க இல்ல, அதைப் பாத்துத்தான் சார் எனக்குத் தெரியும். அதுவரைக்கும் அவங்க நல்லா இருக்காங்க, தேடிப் பிடிச்சுக் குடுக்கணும்னே நெனச்சிட்டிருந்தேன்."

பையிலிருந்து ஒரு ஸ்வெட்டரை எடுத்தாள். அரக்குச் சிவப்பு. நடு மார்பிலும் இரண்டு கைகளிலும் ஆஸ்பத்திரியில் கத்தரியால் வெட்டிய இடங்களைப் பொடித் தையலில் சேர்த்திருந்தாள். தொழில்காரி தையல். மார்புப் பாக்கெட்டின் மேல் கறுப்பு நூலில் ஒரு கொசு. ரத்தம் வைக்கும் குளிர் அறைக்குப் போட்டுக்கொள்ள மனைவி வைத்திருந்தது. அந்தக் கொசுவை அவளே தைத்தாள். ஆறு கால் போட வேண்டியதற்கு எட்டுக் கால் போட்டுவிட்டு, "இருக்கட்டும், டபுள் டூட்டி பாக்குற கொசு" என்றாள்.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் சார். நடுங்கிட்டு உக்காந்திருந்தேன். பக்கத்துல இருந்த அவங்க சட்டுனு இதைக் கழட்டி மடியில போட்டாங்க. 'உங்க பல்லு தந்தி அடிக்கிற சத்தத்துல எனக்குத் தூக்கமே கலைஞ்சு போச்சு. போட்டுக்கோங்க. நாளைக்கு ரத்த வங்கியில குடுத்துட்டுப் போங்க'ன்னு சொன்னாங்க. போட்டுப் பொத்தானை மாட்டினேன். அவ்வளவுதான் எனக்கு ஞாபகம்."

மாமியார் எழுந்து வந்துவிட்டாள். ஸ்வெட்டரைப் பிடுங்காத குறையாக வாங்கி முகத்தில் அழுத்திக்கொண்டாள். "பாத்தீங்களா மாப்ள, போற நேரத்துலயும் வாய்த்துடுக்கோட போயிருக்கா." பிறகு அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள். "அவ கத்தினாளாம்மா?"

"எனக்கு ஒண்ணும் தெரியலம்மா. ஒரே இருட்டு."

"அதான். நொடி." மாமியார் திரும்பிப் பக்கத்து நாற்காலிக்காரியைத் தேடினாள். சாட்சி கிடைத்துவிட்டது.

அவன் அப்போதுதான் பெரியக்காவைக் கவனித்தான். ஊசித் தட்டோடு மூன்றாவது கட்டில் அருகே நின்றிருந்தாள். ஸ்வெட்டரைப் பார்த்தாள். தட்டை அப்படியே கட்டிலின் மேல் வைத்தாள். குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

காலர் தைக்கிறவள் குரலைத் தாழ்த்தினாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும் சார். ரொம்ப நாளா மண்டையைக் குடையுது. ஆஸ்பத்திரியில எனக்கு முகம் பூரா கட்டு. கண்ணைத் திறக்க முடியாது. ஆனா ஒரு அம்மா என் கையைப் பிடிச்சிட்டு, 'கொசு, கொசு, அக்கா வந்துட்டேன் பாரு, ரத்தம் கொண்டுவந்துட்டேன், தூங்கிடாதே'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. அழுதாங்க கூட. என்னை எதுக்கு சார் கொசுன்னு கூப்பிட்டாங்க?"

அவன் ஸ்வெட்டரை இன்னொரு தடவை பார்த்தான். கேள்வி அவனுக்குள் மெதுவாகத்தான் இறங்கியது. முகம் பூரா கட்டு. மேலே ஸ்வெட்டர். பாக்கெட்டில் கொசு.

"மயக்கத்துல காதுல எது வேணாலும் விழும்மா" என்றான். "உக்காருங்க. வந்துடறேன்."

குளிர் அறையில் பெரியக்கா அலமாரிகளுக்கு நடுவில் நின்றிருந்தாள். கண்ணாடிக் கதவுகளுக்குப் பின்னால் குழு வாரியாகப் பைகள் அடுக்கி இருந்தன. இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"அவளை நீங்க கொசுன்னு நெனச்சீங்க" என்றான்.

பெரியக்கா மறுக்கவில்லை. ஒரு வருஷமாக யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் போல, கேட்டதற்கு மேலேயே சொல்ல ஆரம்பித்தாள்.

"நைட் டூட்டி முடிச்சு காலையில ஏழு மணிக்கு என்கிட்ட சார்ஜ் குடுத்துட்டுப் போனா தம்பி. ஏழு இருபதுக்கு வெடிச்சுது. அவ அங்க நிப்பான்னு எனக்குத் தெரியுமே. உள்ள கொண்டுவந்தவங்கள்ல மூணாம் கட்டில்ல அந்த ஸ்வெட்டரைப் பாத்தேன். வேற என்ன பாக்கணும் எனக்கு? ஓ குரூப் அன்னைக்கு எட்டு பைதான் இருந்துச்சு. அவசரத்துக்கு யாரு வந்தாலும் குரூப் தெரியறதுக்கு முன்னாடி ஓ தானே ஏத்துவாங்க. நாலு போயிருச்சு. மிச்சம் நாலை எடுத்து..." அலமாரியின் கீழ்த்தட்டைக் காட்டினாள். "பிளாஸ்மாவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சேன். நம்ம ஆளுக்குன்னு. எங்களுக்குள்ள யாரு என்ன குரூப்புன்னு மனப்பாடம். அவ ஓ பாசிட்டிவ். சாம்பிள் எடுக்கல, பொருத்தம் பாக்கல. பத்து நிமிஷம் வீணாகுமேன்னு நேரா கொண்டுபோய் ஏத்திட்டேன். நாலும் அவளுக்கு."

"இவங்க என்ன குரூப்?"

பெரியக்கா பைகளின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன குரூப் பெரியக்கா?"

"ஏபி பாசிட்டிவ். எதை ஏத்தினாலும் சேரும். ஏ, பி, எல்லாம் அடுக்கு அடுக்கா கிடந்துச்சு."

இயந்திரம் நின்று, மறுபடியும் உறுமத் தொடங்கியது.

"கொசு எங்க இருந்தா?"

"ஏழாம் நம்பர் கட்டில்."

"கட்டில்லயா?"

"எட்டு மணிக்கு மேல ஏழாம் நம்பர் சாம்பிள் வந்துச்சு. பேர் தெரியாத பெண்ணுன்னு எழுதியிருந்தது. ஓ பாசிட்டிவ். ஓவுக்கு ஓ மட்டும்தான் சேரும், தட்டு காலி. வெளியில ரத்தம் குடுக்க ஜனம் கட்டடத்தைச் சுத்தி நிக்குது. எடுத்தாலும் சோதிக்காம குடுக்க முடியாதே. ஒன்றரை மணி நேரம் ஆகும். ஃபாரத்துல 'இருப்பு இல்லை'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் கையால தம்பி. போட்டுட்டு ஓடிவந்து மறுபடியும் இவ கையைப் பிடிச்சிட்டு உக்காந்தேன்."

அவன் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. அதைக் கேட்காமல் வெளியே போய்விடலாம். கதவு இரண்டடி தூரத்தில் இருந்தது.

"எவ்வளவு நேரம்?"

"தம்பி, அது..."

"எத்தனை மணி வரைக்கும்?"

"ஒன்பது பத்து."

"நெனவு?"

பெரியக்கா அலமாரியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். "நர்ஸ் ரெண்டு தடவை வந்து கேட்டா. தாடை உடைஞ்சிருக்கு, பேச முடியல, ஆனா முழிச்சிருக்கு, விரலால விரிப்புல ஏதோ வரைஞ்சுகிட்டே இருக்குன்னா. ஒரு வட்டம், பக்கத்துல கூட்டல் குறி. திரும்பத் திரும்ப. பயத்துல ஏதோ பண்ணுதுன்னு நர்ஸ் சொன்னா. நானும் சரி சரின்னேன். அது ஓ பாசிட்டிவ்னு எழுதுது, அப்படி எழுதறவ நம்ம ஆளாத்தான் இருக்கணும்னு எனக்கு அப்ப ஓடல. மூணாம் கட்டில்ல என் கொசு இருக்கும்போது எனக்கு வேற யார் ஞாபகம் வரும்? பதினோரு மணிக்கு நீங்க வந்து காதைப் பாத்து அவதான்னு சொன்னப்பத்தான்..."

அவள் அழுதாள். அவனுக்கு அழுகை வரவில்லை. ஒன்று ஐம்பது என்று மட்டும் மனசு கணக்குப் போட்டது. ஒரு மணி ஐம்பது நிமிஷம். நூற்றுப் பத்து நிமிஷம். அவன் அந்த நேரத்தில் என்ன செய்தான் என்று நினைத்துப் பார்த்தான். குளித்தான். செய்தி கேட்டு அவள் போனுக்கு அடித்தான். அடித்துக்கொண்டே சட்டைக்கு இஸ்திரி போட்டான்.

"டாக்டருக்குத் தெரியுமா?"

"ஏழாம் நம்பர்ல செத்தது அவதான்னு தெரியும். அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம 'அங்கேயே முடிஞ்சிருச்சு'ன்னு சொல்லிட்டார். நான் பையை ஒளிச்சு வெச்சது தெரியாது. அதுக்கப்புறம் ரெக்கார்டுல எல்லாம் ஒழுங்கா எழுதிட்டேன்." கண்ணைத் துடைத்தாள். "போய்ச் சொல்லுங்க தம்பி. இப்பவே மைக்குல சொல்லுங்க. போலீஸ்ல சொல்லுங்க. என்னைச் செருப்பால அடிங்க, வாங்கிக்கறேன். ஒரு வருஷமா டப்பாவுல சோறு போடறப்பல்லாம் இன்னைக்குச் சொல்லணும், இன்னைக்குச் சொல்லணும்னு நெனச்சு, மூடியை மூடிடுவேன். ராஜினாமா எழுதி வெச்சிருக்கேன். பையிலதான் இருக்கு."

"சொன்னா உங்களுக்கு லேசாயிடும்" என்றான் அவன்.

பெரியக்கா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ஆகாது. வெளிய இருக்காங்களே அவங்கம்மா, அவங்களுக்கும் ஆகாது. அந்த லெட்டரைக் கொடுங்க."

அவள் கொடுத்தாள். அவன் நான்காகக் கிழித்து, ஆஸ்பத்திரிக் கழிவு போடும் மஞ்சள் தொட்டியில் போட்டான்.

வெளியே டாக்டர் மைக்கில் அவனை அழைத்துக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் தயாராக நின்றார். காலர் தைக்கிறவளை மாமியார் தன் பக்கத்திலேயே உட்கார வைத்திருந்தாள். ஸ்வெட்டர் மாமியார் மடியில் இருந்தது. அவன் போய் விரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்தான். ஒரு பக்கம் சிக்கிக்கொண்டது. டாக்டர் உதவி செய்தார். கைதட்டினார்கள்.

"வாசகத்தை நீங்களே படிச்சிடுங்க சார்" என்றார் டாக்டர்.

அவன் படித்தான். நொடிப்பொழுதில் என்ற இடம் வந்தபோது கூடத்தைப் பார்த்தான். மாமியார் கண்ணை மூடித் தலையாட்டினாள். குளிர் அறை வாசலில் பெரியக்கா நின்றிருந்தாள். அந்தச் சொல்லை அவன் மற்றச் சொற்களைவிடச் சற்று நிறுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான். அதுவரை யாரோ சொன்ன பொய்யாக இருந்தது. இப்போது அவன் சொன்னதாயிற்று.

"வேற ஏதாவது ரெண்டு வார்த்தை?"

"ஒண்ணே ஒண்ணு. அன்னைக்குக் காலையில இந்த ரத்த வங்கியில ஓடி ஓடி வேலை செஞ்சது பெரியக்கா. அவங்களுக்கு நாம எல்லாரும் கை தட்டணும்."

தட்டினார்கள். காலர் தைக்கிறவள் எழுந்து நின்றே தட்டினாள். பெரியக்கா கதவு நிலையைப் பிடித்தபடி அவ்வளவையும் வாங்கிக்கொண்டாள். போட்டோக்காரர் நான்கைந்து படம் எடுத்தார். கையெடுத்துக் கும்பிடச் சொன்னார். கும்பிட்டாள்.

பிறகு அவன் கட்டிலில் போய்ப் படுத்துச் சட்டைக் கையைச் சுருட்டினான். இளம் டெக்னீஷியன் ஒருத்தி வந்தாள்.

"நீ போம்மா. பெரியக்கா எடுப்பாங்க."

பெரியக்கா வந்தாள். கையுறை மாட்ட இரண்டு தடவை முயன்றாள். பட்டையைக் கட்டினாள். பஞ்சால் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள். ஊசியை இறக்கினாள். நரம்பு நழுவியது. எடுத்துவிட்டு இன்னொரு ஊசி பிரித்தாள். அதுவும் தப்பியது. தோலுக்கடியில் நீலம் பரவியது.

"கை நிக்க மாட்டேங்குது தம்பி. வேற யாரையாவது கூப்பிடறேன்."

"அவசரம் இல்ல. பொறுமையா குத்துங்க."

"வலிக்குது உங்களுக்கு."

"வலிக்கட்டும்."

மூன்றாவது தடவை இறங்கியது. குழாயில் சிவப்பு ஓடியது. பெரியக்கா பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து, கொடுப்பவரிடம் சொல்ல வேண்டியதைப் பழக்கதோஷத்தில் சொன்னாள். கையை மூடித் திறங்க. தலை சுத்துதா.

"சுத்தல. அடுத்தது எப்பக் குடுக்கலாம்?"

"மூணு மாசம் கழிச்சு."

"அன்னைக்கு லீவு போட்டுடாதீங்க. நீங்கதான் எடுக்கணும். அதுக்கடுத்த தடவையும்."

பெரியக்கா தலை குனிந்திருந்தாள். பையைத் தூக்கி எடை பார்த்தாள். பிறகு கெஞ்சுகிற குரலில் சொன்னாள். "எனக்கு ரிடையர் ஆக இன்னும் எட்டு வருஷம் இருக்கு தம்பி."

"தெரியும்" என்றான் அவன். "முப்பத்திரண்டு தடவை வரலாம்."